ஈரச்சாக்கில் முப்பத்தொன்று

“நம்ம தட்டுல என்ன விழணும்னு நாம முடிவு பண்ணலைன்னா…” என்று எங்கள் ஊர் அய்யாவுப் பெரியவர் ஒரு கூட்டத்தில் பேசினார். மீதி எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. நடுவில் ‘வேற எவனோ’ என்று வரும். கடைசியில் ‘நிலம்’ என்றோ ‘வயிறு’ என்றோ முடியும். மறுநாள் எனக்குப் பம்பாய் ரயில். விசா வந்துவிட்டது. அவர் பேசப் பேச நான் சட்டைப்பையில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் கேட்டீர்களே, ‘உங்க ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் முன்னால லாரியில போறாங்க, நீங்க மட்டும் ஏன் பஸ்ஸுல வர்றீங்க’ என்று. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எங்கள் ஊர் கொழிஞ்சிக்குடிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. கடலையை நீங்களே சாப்பிடுங்கள், எனக்கு வேண்டாம்.

நான் கோபக்காரன் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருஷம் ஷார்ஜாவில் ஓர் உணவுக் கிடங்கில் சூப்பர்வைசராக இருந்தவன். அரிசி, பருப்பு, கோதுமை, எங்கிருந்தோ கப்பலில் வரும் ஆட்டிறைச்சி, எல்லாம் என் கண்பார்வையில்தான் உள்ளே போகும், வெளியே வரும். இந்தத் தனுஷ்கோடி வைத்த மூட்டை கெட்டது என்று எவனும் சொன்னதில்லை. தானியத்தை எப்படி வைப்பது என்று எனக்கு இன்னொருவர் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கே வந்துவிட்டேன். மூன்று ஏக்கர் வாங்கினேன். அதற்கு ஒட்டினாற்போல அறுபது ஏக்கர் ஊர்ப் பொதுக்காடு. பட்டா கிடையாது, புறம்போக்கு. நிலம் இல்லாத வீட்டுப் பெண்கள் சேர்ந்து உழுது, சேர்ந்து குதிரைவாலி விதைத்து, வீட்டுக்கு இத்தனை படி என்று பிரித்துக்கொள்வார்கள். உரக்கடைப் பக்கம் போக மாட்டார்கள். கொழிஞ்சிச் செடியை வளர்த்து மடக்கி உழுவதுதான் உரம். பழைய சத்துணவுக் கூடத்தை விதை வீடு ஆக்கி வைத்திருக்கிறார்கள். யார் போய்க் கேட்டாலும் விதை கொடுப்பார்கள். ஒரு படி வாங்கினால் அறுவடையில் இரண்டு படியாகத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

நல்ல விஷயம்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. வந்த மாதமே அவர்களுக்கு உதவி செய்தவன் நான். தானியம் சேமிக்கும் முறை என்று ஐந்து விதிகளைத் தமிழிலும் இங்கிலீஷிலும் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, விதை வீட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். இப்போதும் இருக்கிறது. அந்த ஆணியில் சாவியை மாட்டி வைத்திருக்கிறார்கள். விதி மூன்றும் நாலும் சாவிக்குப் பின்னால் மறைந்துவிட்டன.

விதை வீட்டுக்குத் தலைவி சேதுராக்கு. முறைக்கு எனக்கு மதினி. மதினி என்றால் கேலி பேச உரிமை உண்டு, எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஆனால் எதற்கும் ஓர் அளவு இருக்கிறது இல்லையா?

முதல் பருவத்துக்கு நாலு படி வாங்கினேன். கொடுக்கும்போதே சொன்னாள்.

“கொழுந்தனாரே, அறுத்ததும் விதைக்கு எடுத்ததக் காலை வெயில்ல மட்டும் காயப் போடுங்க. மண்தரையில. உச்சிக்கு முன்ன அள்ளிருங்க. ஏழு நாள்.”

“சரி மதினி.”

“சரின்னு சொல்ற வேகத்தப் பாத்தா பயமா இருக்கே.”

ஏழு நாள் என்பது மாடி இல்லாதவர்களுக்கு. என் மாடியில் வெள்ளை ஓடு பதித்திருக்கிறேன். மத்தியானம் கால் வைக்க முடியாது. இரண்டே மத்தியானத்தில் வேலை முடிந்தது. நீலப் பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, மூடி, காற்றுப் புகாமல் இரண்டு சுற்று டேப் ஒட்டி, மாடியில் தகரக் கொட்டகைக்குள் வைத்தேன். ஷார்ஜாவில் இதைவிடச் சுத்தமாக யாரும் செய்ய மாட்டார்கள். ஆவணியில் டேப்பைப் பிரித்து, வாங்கிய நாலுக்கு எட்டுப் படியாக நானே தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். விதைப்புக்கு முன்னால் திரும்பி வந்த விதையை எல்லாம் சோதிப்பார்கள். ஒவ்வொரு வீட்டு விதையிலும் நூறு எண்ணி எடுத்து, ஈரச்சாக்கில் பரப்பி, சுருட்டி, கயிறு கட்டி வைப்பார்கள். நாலாம் நாள் ஊர் கூடி உட்கார்ந்ததும் பிரிப்பார்கள். எண்பது முளைத்திருந்தால் விதை வீட்டுக்குள் போகும். குறைந்தால் அந்த வீட்டு விதை முழுவதும் தோல் நீக்கி அன்றைக்கே பானைக்குப் போகும். கஞ்சி காய்ச்சி எல்லோரும் குடிப்பார்கள். சுருட்டில் பேர் எழுத மாட்டார்கள். யார் வீட்டு விதை என்று யாரும் சொல்லக் கூடாது.

சொல்லக் கூடாதாம். ஆனால் என் சுருட்டில் பச்சை நைலான் கயிறு. ஷார்ஜாவிலிருந்து வந்த பார்சலில் கட்டியிருந்தது, நானே கொடுத்து, நானே கட்டினேன், உறுதியாக இருக்கட்டும் என்று. ஊரில் வேறு யாரிடம் இருக்கும் பச்சை நைலான் கயிறு?

சேதுராக்கு பிரித்தாள். எண்ணினாள். “முப்பத்தொண்ணு. பானைக்கு” என்றாள். அடுத்த சுருட்டை எடுத்துவிட்டாள்.

என்னைப் பார்க்கக்கூட இல்லை. பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பார்க்காமலே ஓர் ஆளை எவ்வளவு கேவலப்படுத்த முடியும் என்று தெரிந்தவள் அவள்.

நான் எழுந்துவிட்டேன். “அது என் விதை. உங்க சாக்குலதான் ஏதோ கோளாறு. மறுபடி போடுங்க” என்றேன்.

அதுவரைக்கும் சத்தம் இல்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சேதுராக்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள், “அட, உங்களுதா? ஏசியிலயே தூங்கிப் பழகிருச்சு போல கொழுந்தனாரே, எழுப்புனா எந்திரிக்க மாட்டேங்குது!”

நூற்றிருபது பேர் சிரித்தார்கள். நான் எண்ணினேன். குழந்தைகளைச் சேர்க்காமல்.

பஞ்சவர்ணம் என்கிற பெண்ணின் விதையும் அன்றைக்கு ஐம்பத்தைந்தில் விழுந்தது. அவளே சொல்லிச் சிரித்துக்கொண்டு அகப்பையைப் பிடித்துக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மானம் இல்லை, அது அவள் பாடு. என்னிடமும் கிண்ணத்தை நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. என் மனைவி பவளம் இரண்டு கிண்ணம் குடித்தாள். வீட்டுக்கு வந்து, “நல்லாத்தான் இருந்துச்சு. நம்ம காட்டுல வெளஞ்சதுதானே” என்றாள். அவளிடம் ஒன்பது நாள் பேசவில்லை. அவள் அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை.

நான் மறக்கிறவன் இல்லை. கோபப்பட மாட்டேன், ஆனால் மறக்க மாட்டேன். இரண்டும் வேறு.

மறுவருஷம் விதை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. டவுனில் கம்பெனி மக்காச்சோள விதை, பாக்கெட்டில் வாங்கினேன். கூடவே மருந்து, கூடவே உரம். கடைக்காரன் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தான், அது வசதி. ஐப்பசியில் என் சோளம் இடுப்பு உயரம். பொதுக்காட்டில் குதிரைவாலி முழங்கால்கூட இல்லை. தினமும் காலையில் வரப்பில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பேன். அந்த மாதம் நன்றாகத் தூங்கினேன்.

கார்த்திகையில் இருபத்திரண்டு நாள் மழை இல்லை. போர்வெல் உப்புத் தண்ணீர். சோளம் நின்ற நிலையில் சருகாகிவிட்டது. குதிரைவாலி சுருண்டு கிடந்தது, அடுத்த தூறலுக்கு எழுந்துகொண்டது. புல் ஜாதிப் பயிர், அது எழுந்திருக்கும். அதில் அவர்கள் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஒரு நாள் விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் ஒரு மூட்டை. குதிரைவாலி. காடு காய்ந்துபோன வீட்டுக்குப் பொதுக்காட்டிலிருந்து ஒரு பங்கு என்பது ஊர் ஒழுங்கு. கையில் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர் தலை குனிய வேண்டாம் என்று வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். என் வாசலில்! கிரானைட் படி போட்ட வாசலில்!

தூக்கிக் கொண்டுபோய் விதை வீட்டு வாசலில் வைத்தேன். மறுநாள் காலையில் மறுபடி என் வாசலில். மறுபடி கொண்டுபோனேன். மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோது மூட்டை இல்லை. அப்பாடா, புரிந்துகொண்டார்கள் என்று நினைத்தேன். உள்ளே வந்தால் பவளம் அடுக்களையில் அதைப் பிரித்து முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருக்கிறாள்.

“எத்தன நாளைக்கு இத வச்சு எக்சசைஸ் பண்ணுவீங்க?” என்றாள்.

அன்றைக்கு மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இந்தச் சேதுராக்கு ஒரு நாள் என் வாசலுக்கு வருவாள். கேலி இல்லாமல் வருவாள். கேட்டு நிற்பாள்.

வந்தாள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

சூரிய மின்சாரக் கம்பெனி ஒன்று அந்த அறுபது ஏக்கரையும் கேட்டு மனுப் போட்டிருந்தது. ‘எவரும் பயன்படுத்தாத தரிசு’ என்று எழுதியிருந்தார்கள். பஞ்சாயத்துப் பலகையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆட்சேபணை இருந்தால் தாசில்தார் விசாரணையில் சொல்லலாம், ஆதாரத்தோடு. பெண்களிடம் என்ன ஆதாரம் இருக்கும்? வயல் இருக்கிறது, விதை இருக்கிறது, அறுத்த கை இருக்கிறது. காகிதம் இல்லை. எங்கள் ஊரில் இருக்கிற ஒரே காகிதம் எங்கள் அப்பாவின் தகரப் பெட்டியில் இருந்தது.

அறுபத்தெட்டில், ஊரே பட்டினி கிடந்த வருஷம், ஊர் கூடி எழுதியது. பொதுக்காட்டை நிலம் இல்லாத குடும்பங்கள் சேர்ந்து பயிரிட்டுச் சாப்பிடுவது, அடுத்த வருஷ விதையை எடுத்து வைத்த பிறகே பங்கு பிரிப்பது, காட்டை யாரும் எந்தக் காலத்திலும் தனியாருக்கு விடுவதில்லை என்று முடிவு. சர்வே நம்பர் போட்டு, அப்போதைய கிராம அதிகாரி முத்திரை குத்தி, கீழே நாற்பத்தாறு பேரின் பெருவிரல் ரேகை.

சேதுராக்கு படி ஏறாமல் கீழேயே நின்றாள். செருப்பை ஓரமாக விட்டிருந்தாள்.

“தம்பி” என்றாள். கொழுந்தனாரே என்று சொல்லவில்லை. “கூரிச்சாமி மாமா கையில அந்த ஊர்க் காகிதம் இருந்துச்சு. பெட்டியில இருக்கான்னு கொஞ்சம் பாக்குறீங்களா? அது இல்லைன்னா காடு போயிரும்.”

“தேடிப் பாக்குறேன் மதினி.”

“விசாரணை தையில.”

“தேடிப் பாக்குறேன்னு சொன்னேன்ல.”

அவள் போகும்போது முதுகு வளைந்திருந்ததைப் பார்த்தேன். பெட்டியைத் தேட வேண்டியதே இல்லை. காகிதம் எங்கே இருக்கிறது என்று எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். அவள் அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும். மொத்தம் பதினொரு தடவை. ஒவ்வொரு தடவையும் ‘தேடிக்கிட்டிருக்கேன்’ என்றேன். பதினொன்றாம் தடவை அவள், “நான் வேணா வந்து கூடத் தேடட்டா தம்பி?” என்றாள். வேண்டாம் என்று கதவைச் சாத்தினேன்.

முறைத்துப் பார்க்காதீர்கள். நூற்றிருபது பேர் சிரித்தது உங்களை இல்லை.

சரி, இன்னொன்றும் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன், நீங்கள் யாரோ, நான் யாரோ. அந்தக் காகிதத்தில் முதல் ரேகை எங்கள் அப்பாவுடையது. ரேகை மட்டும் என்றால் பரவாயில்லை. முதல் வரியே, ‘கூரிச்சாமி என்பவர் தன் பிள்ளைகள் மூன்று நாளாக உண்ணவில்லை என்று ஊர் முன்னிலையில் கேட்டுக்கொண்டதன் பேரில்’ என்றுதான் ஆரம்பிக்கும். நான் அப்போது பிறக்கவில்லை. ஷார்ஜாவில் என்கூட இருந்தவர்களிடமும், பவளத்தின் வீட்டாரிடமும், அப்பாவுக்குப் பத்து ஏக்கர் இருந்து கோர்ட்டில் போய்விட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். தாசில்தார் ஆபீஸில் இதை ஒரு குமாஸ்தா உரக்கப் படிப்பான். எல்லோரும் கேட்பார்கள். யார் தாங்குவார்கள்?

பவளம் கண்டுபிடித்துவிட்டாள். போன வாரம் நான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

“இதுக்கா இம்புட்டு நாளு? எனக்குக் கல்யாணமான வருசமே மாமா இதப் படிச்சுக் காட்டச் சொன்னாரு. எங்க அப்பா, அண்ணன் எல்லாம் உக்காந்திருந்தாங்க. ‘நான் கேட்டேன், ஊரு எழுதுச்சு’ன்னு அவரு அத்தன பெருமையாச் சொன்னாரு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க பத்து ஏக்கர் கதை சொல்றப்ப எப்படிச் சொல்றது? பாவமா இருந்துச்சு.”

ஆக, எல்லோரும் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார்கள். இருபது வருஷமாக. இதையும் அந்தச் சேதுராக்கு கணக்கில்தான் எழுதிக்கொண்டேன். அவளுக்கும் தெரிந்திருக்கும், இல்லாமலா? இன்று காலையில் பவளம் என் பைக்கில் ஏறவில்லை. லாரியில் அவர்களோடு ஏறிக்கொண்டாள். நான் பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன். பின்சீட்டுக் காலியாக ஊரைக் கடக்கப் பிடிக்கவில்லை.

கம்பெனிக்காரனும் முந்தாநாள் வந்தான். ஸ்வீட் பெட்டியோடு. “நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம் சார். கேட்டா, அப்படி ஒரு காகிதம் இல்லைன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்” என்றான். பெட்டியை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். எனக்கும் சேதுராக்குக்கும் இருக்கிற வழக்கு இது. நடுவில் இவன் யார்? அவன் போன பிறகுதான் யோசித்தேன். இல்லை என்று சொன்னால் என்ன ஆகும்? பாவம், பழைய பெட்டி, கரையான் அரித்திருக்கும், தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை என்று பேசிக்கொள்வார்கள். காடு போய்விடும். அடுத்த வருஷம் என் வீட்டு வாசலைக் கடக்கும்போது அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போவாள். நான்தான் செய்தேன் என்று அவளுக்குத் தெரியாமலே போய்விடும். அப்புறம் அது என்ன பழி?

இன்று பதினொரு மணிக்கு விசாரணை. தாசில்தார் ஒரு பெண், சின்ன வயது, நிதானமாகப் பேசினார். கம்பெனி வக்கீல் படம் காட்டினார், சித்திரை மாதத்தில் எடுத்த படம், காடு வெறுமையாகக் கிடந்தது. சேதுராக்கு ஒரு மடி குதிரைவாலியை மேஜைமேல் கொட்டினாள். “சித்திரையில எந்தக் காடும்மா பச்சையா இருக்கும்? இந்தக் கம்பெனிக்காரரு வீட்டுல வருசம் முழுக்கவா சாப்பாட்டுப் பந்தி நடக்குது?” என்றாள். ஹாலில் சிரிப்பு. தாசில்தாரும் சிரித்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, “அம்மா, இது போதாது. பழைய ஆவணம் ஒண்ணு இருக்குன்னு சொல்றீங்களே, அது யார்கிட்ட?” என்றார்.

சேதுராக்கு என் பேரைச் சொல்லவில்லை. தரையைப் பார்த்தாள். வேறு யாரும் சொல்லவில்லை. நாற்பது பெண்கள், ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. பவளம் நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானே எழுந்தேன். பேர் சொன்னேன், கூரிச்சாமி மகன் என்று சொன்னேன். காகிதம் சட்டைக்குள், வயிற்றோடு ஒட்டிக்கொண்டு இருந்தது, வியர்வையில் ஈரமாக.

தாசில்தார் பேனாவை எடுத்தார். “யோசிச்சுச் சொல்லுங்க. அப்படி ஒண்ணு இல்லைன்னு சொன்னீங்கன்னா, எழுதிக்கிட்டு இன்னைக்கே விசாரணைய முடிச்சு மேல அனுப்பிருவேன். இருக்குன்னு சொன்னீங்கன்னா, அதையும் எழுதிக்குவேன். நீங்களா கொடுத்தா சரி, இல்லாட்டி நோட்டீஸ் விட்டு வரவழைக்க வேண்டியது என் வேலை. அதுவரைக்கும் அந்தக் காட்டுல யாரும் ஒரு கம்பிகூட நட முடியாது. சொல்லுங்க, இருக்கா?”

சேதுராக்கு அப்போதுதான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

“இருக்கு. ஆனா தர மாட்டேன்” என்றேன்.